எந்தக் கேமரா எதைப் பார்க்காது?

போன மாதம் அக்கா மகள் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மாமா, இதுல எது வாங்கலாம்னு பாத்துச் சொல்லுங்க.”

திரையில் ஏழெட்டு பழைய ஃபிலிம் கேமராக்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் படம்தான். மர மேசை, ஓரத்தில் காபிக் கோப்பை, பக்கத்தில் காய்ந்த பூங்கொத்து. கீழே ‘வின்டேஜ்’, ‘ரேர்’, ‘மின்ட் கண்டிஷன்’ என்றெல்லாம் எழுதியிருந்தது. ஒன்றின் கீழ் மட்டும் சின்ன எழுத்தில், ‘சோதித்துப் பார்க்கவில்லை, ஷோகேஸில் வைக்க ஏற்றது’. அதற்கும் விலை பத்தாயிரத்துக்கு மேல்.

“எதை எடுக்கப் போற?” என்று கேட்டேன்.

“ஃபிலிம்ல எடுக்கணும் மாமா. அதுல ஒரு ஃபீல் இருக்குல்ல.”

“அது சரி. எதை எடுக்கப் போற? ஆளையா, தெருவையா, மலையையா?”

யோசித்தாள். “அதெல்லாம் வாங்கினப்புறம் பாத்துக்கலாம். இது பாக்க நல்லாயிருக்குல்ல?”

நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. ஒரு கருவியைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு பேசியும், அதைக் கண்ணில் வைத்தால் என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒருவர்கூட அவளுக்குச் சொல்லவில்லையே என்ற கோபம். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் என் மேலேயே இருக்கிற கோபமும் இதில் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கேமரா வாங்க வருகிறவர்களுக்குக் கிடைக்கிற ஆலோசனைகளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

ஒரு கூட்டத்துக்குப் பெயர்தான் கடவுள். லைக்கா என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கான்டாக்ஸ் டி2 என்றால் எழுந்து நிற்பார்கள். அந்த கேமரா 1990களில் நல்ல லென்ஸோடு வந்த ஒரு பாக்கெட் கேமரா, அவ்வளவுதான். 2017இல் ஓர் அமெரிக்க மாடல் அழகி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தன்னுடைய டி2வைக் காட்டினார், அதற்குப் பிறகு அதன் விலை எங்கோ போய்விட்டது. லென்ஸ் அன்று ராத்திரியோடு கூர்மையாகிவிட்டதா?

இன்னொரு கூட்டம் துறவிகள். “கருவி முக்கியமில்ல, கண்ணுதான் முக்கியம்.” இதைச் சொல்கிறவர் வீட்டில் பெரும்பாலும் நாலு நல்ல கேமராவாவது இருக்கும். தவில் வாசிக்கிறவரிடம் போய் விரல்தான் முக்கியம், வாத்தியம் முக்கியமில்லை என்று சொல்லி ஒரு மிருதங்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், அவர் என்ன சொல்கிறார் என்று. வாத்தியத்துக்கு ஏற்பத்தான் கை உட்காரும் விதமே அமைகிறது. கேமராவும் அப்படித்தான். நீங்கள் எங்கே நிற்பீர்கள், எவ்வளவு நெருங்குவீர்கள், எதிரில் இருப்பவர் உங்களை எப்படிப் பார்ப்பார் என்பதையெல்லாம் அது முன்கூட்டியே பாதி தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாவது கூட்டம், ஃபிலிமில் ஆன்மா இருக்கிறது என்று சொல்கிறவர்கள். ஃபிலிமில் இருப்பது ஜெலட்டினும் வெள்ளி உப்பும். அதை ஊட்டியில் அரசாங்கமே செய்தது. 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாரித்து விற்றது. மயிலாடுதுறையில் ஸ்டுடியோ வைத்திருந்த என் சித்தப்பா பல வருடங்கள் அதில்தான் பாஸ்போர்ட் படம் போட்டார். ஆன்மா பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஹைப்போ தீர்ந்துபோச்சு என்றுதான் பேசுவார்.

இப்போது என் கதை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் அக்கா மகள் மாதிரிதான் வாங்கினேன். பார்க்க அழகாக இருந்தது, எல்லாரும் சிபாரிசு செய்தார்கள், விற்றவர் ‘வேலை செய்கிறது’ என்றார். 1970களின் கடைசியில் வந்த ஓர் எஸ்எல்ஆர். பெயர் வேண்டாம், கேமரா மேல் குற்றமில்லை. வீட்டுக்கு வந்ததும் அமுக்கிப் பார்த்தேன். ‘டக்’ என்ற அந்தச் சத்தமே இனித்தது. வீட்டுக்குள் ஒரு ரோல் எடுத்துக் கழுவினேன், நன்றாக வந்தது. அவ்வளவுதான் என் சோதனை.

அந்த வருடம் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். சடங்கை எடுக்க ஒரு வீடியோக்காரர் இருந்தார். எல்லாம் முடிந்து வெளியே வந்து, நல்ல வெயிலில் கோபுரத்துக்கு எதிரே அப்பாவும் அம்மாவும் மாலையோடு நின்றார்கள். யாரோ ஏதோ சொல்ல அப்பா வாய்விட்டுச் சிரித்தார். பற்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். நான்தான் சத்தம் போட்டேன். “எல்லாரும் போனை உள்ள வைங்க. நான் ஃபிலிம்ல எடுக்கறேன்.” வைத்துவிட்டார்கள். பதினோரு படம் எடுத்தேன்.

கழுவி வந்தபோது பதினொன்றிலும் ஒரு பக்கம் பாதி கறுப்பு. அம்மா இருக்கிறாள். அப்பா இருந்த பக்கம் ஒன்றுமே இல்லை. அப்பா அடுத்த தை வரைக்கும்தான் இருந்தார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த கேமரா மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஷட்டரைச் சுற்றி, பின்கதவைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து இரண்டு முறை அமுக்கினார். “சார், வாங்குறப்ப பின்கதவத் தொறந்து பாத்தீங்களா?”

“இல்லையே.”

“இங்க பாருங்க. அறுபதுல வெளிச்சம் முழுசாத் தெரியுதா? இப்ப ஆயிரத்துல பாருங்க.” பாதி வெளிச்சம்தான் தெரிந்தது.

அவர் சொன்னதன் சாரம் இது. ஷட்டர் என்பது இரண்டு துணித்திரைகள். முதல் திரை ஓடித் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே ஓடி மூடும். வேகம் குறைவாக வைத்தால் முதலாவது முழுக்கத் திறந்த பிறகுதான் இரண்டாவது கிளம்பும். வேகம் கூடினால் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு மட்டும் ஃபிலிமின் மேல் நகர்ந்து போகும். வருடக்கணக்காக ஓடாமல் கிடந்த கேமராவில் எண்ணெய் காய்ந்து முதல் திரை இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டாவது அதைப் பிடித்துவிடும். இடுக்கு மூடிக்கொள்ளும். மிச்சப் பாதிக்கு வெளிச்சமே கிடையாது. வீட்டுக்குள் எடுத்த படம் நன்றாக வந்ததும், வெயிலில் ஆயிரத்தில் ஒரு நொடி வைத்து எடுத்தது செத்ததும் இதனால்தான்.

“ஆனா நான் பாத்துக்கிட்டேதானே எடுத்தேன்?” என்றேன்.

“நீங்க எங்க சார் பாத்தீங்க? படம் விழுறப்பதான் கண்ணாடி மேல போயிடுதே. அந்த நேரம் உங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது.”

எனக்கு அதுவரை யாரும் சொல்லாத பாடம் அது. ஒவ்வொரு வகைக் கேமராவும் ஏதோ ஒன்றைப் பார்க்காது. விற்கிறவர்கள் அது எதைப் பார்க்கும் என்றுதான் சொல்வார்கள். வாங்குகிறவர் கேட்க வேண்டியது எதைப் பார்க்காது என்று. அதோடு வாழ முடியுமா என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் எஸ்எல்ஆர். ஒற்றை லென்ஸ், அதற்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி, மேலே பட்டகம். லென்ஸ் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள், இடவல மாற்றம் இல்லாமல். லென்ஸைக் கழற்றி நீளமானதோ அகலமானதோ மாட்டினாலும் கண்ணில் தெரிவதுதான் படத்தில். 1959இல் வந்த நிகான் எஃப் இந்த வகையைப் பத்திரிகைக்காரர்களின் கைக்குக் கொண்டுபோனது. பூச்சியின் கண்ணை எடுக்கணுமா, கிரிக்கெட் மைதானத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவரை எடுக்கணுமா, இதுதான். ஆனால் நீங்கள் எடுக்கிற அந்த நொடியை மட்டும் இது உங்களுக்குக் காட்டாது. கண்ணாடி மேலே எழும்பி ஜன்னல் இருண்டு, திரும்ப வெளிச்சம் வரும்போது அந்த நொடி போய்விட்டது. முன்னதும் பின்னதும் பார்ப்பீர்கள், நடுவில் இருப்பதைப் பார்க்க மாட்டீர்கள். சத்தமும் போடும்.

அடுத்தது ரேஞ்ச்ஃபைண்டர். இதில் பார்க்கிற ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு. ஜன்னலுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டத்தில் உருவம் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். கண்ணாடி எதுவும் எழும்பாது, எடுக்கிற நொடியில் எதிரில் இருப்பவர் கண் இமைத்தாரா என்பதுகூடத் தெரியும். பல மாடல்களில் ஜன்னல், படத்தின் சட்டத்தையும் தாண்டிக் காட்டுவதால், ஒருவர் சட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவர் வருவது தெரியும். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1948இல் காந்தியின் இறுதி ஊர்வலக் கூட்டத்தில் லைக்காவோடு நின்றார் என்றால் அது வெறும் பெயருக்காக இல்லை, கூட்டத்துக்குள் நின்று எடுப்பதற்கென்றே அமைந்த ஜன்னல் அது. இது பார்க்காதது லென்ஸ் பார்ப்பதை. மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் உலகம் பளிச்சென்று தெரியும், முப்பத்தாறு படமும் போகும். கிட்டப் போனால் நெற்றி வெட்டுப்படும். பெரும்பாலானவற்றில் எழுபது செண்டிமீட்டருக்கோ ஒரு மீட்டருக்கோ உள்ளே நெருங்கவே முடியாது.

லைக்காவுக்குச் சொத்தை விற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோவியத் ஸோர்க்கி, ஃபெட் எல்லாம் இதே வகைதான். ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. பல மாடல்களில் ஷட்டரை இழுத்து வைத்த பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே பல் உடையும். நம் வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கிற யாஷிகா எலெக்ட்ரோ 35உம் ரேஞ்ச்ஃபைண்டர்தான். நல்ல லென்ஸ். ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் அதற்கு ஒரே வேகம்தான் தெரியும், ஐந்நூறில் ஒரு நொடி.

மூன்றாவது பாக்கெட் கேமரா. ஒலிம்பஸ் மியூ-2 மாதிரியானவை. எடுத்து அமுக்கினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எங்கே ஃபோகஸ் வைத்தது என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. கழுவி வந்ததும், நண்பரின் காதுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரம் தெளிவாக இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், இவற்றின் உள்ளே இருப்பது மின்னணுச் சுற்று. உதிரிப்பாகம் யாரும் செய்வதில்லை. செத்தால் செங்கல். இன்று அதிக விலைக்குப் போவது இந்த வகைதான் என்பது எனக்கு இன்னும் புரியாத விஷயம். பாக்கெட்டில் அடங்கினால் போதும் என்றால் 1967இல் வந்த ஒலிம்பஸ் ட்ரிப் 35 இருக்கிறது. ஒரு ஆள், இரண்டு ஆள், கூட்டம், மலை என்று நாலு படம் வரைந்த வளையம். தூரத்தை நீங்களே கணித்துத் திருப்ப வேண்டும். லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் வெளிச்சத்திலேயே வேலை செய்யும், பேட்டரியே வேண்டாம்.

கடைசியாக நான் அதிகம் பேச ஆசைப்படுவது, சித்தப்பாவின் கேமரா. யாஷிகா மேட் 124ஜி. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் நீங்கள் பார்க்க, கீழ் லென்ஸ் ஃபிலிம் பார்க்க. 1929இல் ஜெர்மனியில் வந்த ரோலிஃப்ளெக்ஸ் பிரபலமாக்கிய முறை. 120 ரோலில் பன்னிரண்டு சதுரப் படம். ஒரு காலத்தில் நம் ஊர் ஸ்டுடியோக்களிலும் கல்யாண வீடுகளிலும் நின்றது இந்த வகைதான். இதை முகத்துக்கு நேரே தூக்க வேண்டாம், வயிற்றுக்கு முன்னால் பிடித்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். தேய்த்த கண்ணாடியில் உலகம் இடம் வலமாகத் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் உள்ளே வலப்பக்கம் நகர்வார். ஓடுகிற குழந்தையை இதில் துரத்திப் பாருங்கள், பைத்தியம் பிடிக்கும். கிட்டே போனால் மேல் லென்ஸ் பார்ப்பதும் கீழ் லென்ஸ் பார்ப்பதும் ஒன்றாக இருக்காது.

ஆனால் இதன் முன்னால் உட்காருகிறவருக்கு என்ன நடக்கிறது என்று சித்தப்பாவின் ஸ்டுடியோவில் பார்த்திருக்கிறேன். வயலிலிருந்து நேராக வந்த பாட்டிகள் ரேஷன் கார்டுக்காக உட்காருவார்கள். எதிரில் ஒரு ஆள் ஒற்றைக் கண்ணை மூடி, கருவியை முகத்தில் அப்பிக்கொண்டு குறிபார்க்கவில்லை. தலை குனிந்து நிற்கிறார். அந்தப் பாட்டிகளின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். விவியன் மேயர் சிகாகோ தெருக்களில் முன்பின் தெரியாதவர்களை அத்தனை கிட்டத்தில் எடுக்க முடிந்ததற்கு அவர் மார்பில் தொங்கிய ரோலிஃப்ளெக்ஸுக்கும் பங்குண்டு. கருவி முக்கியமில்லை என்று சொல்கிற துறவிகள் இதற்கு ஒரு பதில் சொல்லட்டும்.

வகையை முடிவு செய்த பிறகுதான் மாடல். அங்கேயும் என் சிபாரிசு ஒன்றுதான். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் ஓடுகிற கேமராவை வாங்குங்கள். 1976இலிருந்து 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000இல் பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும்தான், அது செத்தாலும் கேமரா சாகாது. வெளிச்சத்தை அளக்க நம்மிடமே கணக்கு இருக்கிறது. நல்ல வெயிலில் துளை 16 வைத்து, ஃபிலிம் 100 என்றால் வேகம் நூறில் ஒரு நொடிக்குப் பக்கம், 400 என்றால் நானூறுக்குப் பக்கம். சித்தப்பாவுக்கு இது மனப்பாடம்.

வாங்கும்போது பின்கதவைத் திறந்து, ஒவ்வொரு வேகத்திலும் வெளிச்சத்தைப் பார்த்து அமுக்குங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள், சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது ஃபங்கஸ், நம் கடலோரக் காற்றுக்கு அது தினமும் வளரும். கதவோரம் இருக்கிற பஞ்சு விரலில் தார் மாதிரி ஒட்டினால் வெளிச்சம் கசியும், அது சின்னச் செலவு. 60கள், 70களின் மாடல் என்றால் எந்த பேட்டரி என்று கேளுங்கள். பல மாடல்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தவை, அது இப்போது கிடையாது. 1.5 வோல்ட் போட்டால் அளவு பொய் சொல்லும். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று விற்கிறவர் பெரும்பாலும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதுகிறார்.

நான் சண்டைக்கு வந்தது ஷோகேஸைப் பற்றி. “அழகுக்கு வாங்கி வைத்தால் என்ன தப்பு? இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போயிருக்கும்” என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான கேள்வி. மோகம் வந்ததால்தான் பல கேமராக்கள் பரணிலிருந்து இறங்கின என்பது உண்மை. ஆனால் பரணிலிருந்து இறங்கி ஷோகேஸில் ஏறுவது என்ன விமோசனம்? ஓடாத ஷட்டரில் எண்ணெய் காயும். தோல் உறைக்குள் மூடி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பழைய இரும்புக்குப் போனதாவது சீக்கிரம் போயிற்று. இது கண்ணாடிக்கு உள்ளே, விளக்கு போட்டு, மெதுவாகப் போகிறது. என் அப்பாவின் பாதியைத் தின்றது கெட்ட கேமரா இல்லை, யாரோ பல வருடம் அழகாக வைத்திருந்த கேமரா.

இன்னொன்றும் உண்டு. ஷோகேஸ் கேமரா ரிப்பேருக்கு வராது. நூறு பேர் வாங்கி ஐந்து பேர் ஓட்டினால் மெக்கானிக்குக்கு ஐந்து பேரின் வேலைதான். விலை ஏறிய லாபம் விற்கிறவருக்குப் போகிறது, அவருக்கு ஒரு ரூபாய் வராது. மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்தக் கடை இப்போது கைப்பேசி உறை விற்கிறது. போன தடவை பார்த்தபோது அவர் சொன்னார், “பையன் இந்தத் தொழிலுக்கு வரலைன்னு சொல்லிட்டான் சார். நானும் வான்னு சொல்லல.” இந்த மோகத்தின் உச்சத்தில்தான் அவர் கடையை மூடினார். அவர் மாதிரி ஆட்கள் போன பிறகு, உலகத்திலேயே அருமையான கேமராவும் காகிதத்துக்கு மேல் வைக்கிற கல்தான்.

ஆகவே படம் எடுக்கப் போவதில்லை என்றால் வாங்காதீர்கள். கைப்பேசி போதும் என்றால் அதிலேயே எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்ய ஆயிரத்தைத் தாண்டுகிறது. வாங்கினால் மாதம் ஒரு ரோலாவது ஓட்டுங்கள், முடியாத மாதத்தில் வெறும் ஷட்டரையாவது எல்லா வேகத்திலும் அமுக்கி வையுங்கள். நான் எடுக்கிறேன் என்று கர்வத்தோடு மற்றவர்களின் போனை உள்ளே வைக்கச் சொல்லாதீர்கள்.

அக்கா மகள் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வந்தாள். “பாட்டிய எடுக்கணும் மாமா. போனைத் தூக்கினாலே முகத்தத் திருப்பிக்கிது.” எண்பதைத் தாண்டிய என் அம்மாவைச் சொல்கிறாள். அதற்கப்புறம் எந்தக் கேமரா என்பதில் பேச ஒன்றும் இருக்கவில்லை. சித்தப்பாவின் யாஷிகாவை எடுத்துக் கொடுத்தேன். பின்கதவைத் திறந்து, ஜன்னலைப் பார்த்து, எல்லா வேகத்திலும் அவளையே அமுக்கிப் பார்க்கச் சொன்னேன்.

முதல் ரோலில் பன்னிரண்டில் நாலுதான் தேறியது. இரண்டில் ஃபோகஸ் இல்லை, மூன்றில் வெளிச்சம் தப்பு, மிச்சத்தில் இடம் வலம் குழம்பி அம்மா சட்டத்துக்கு வெளியே போய்விட்டாள். “ரொம்பக் கஷ்டம் மாமா இது” என்று அலுத்துக்கொண்டே அடுத்த ரோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.